பீடத்தின் முன் மண்ணின் ஆடல்: அருள்தந்தை அமலோற்பவதாஸ் வாழ்வும் நம் கடமையும்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் ஆண்டுத் திருவிழாத் திருப்பலியைக் கண்டவர்கள் இக்காட்சியை நன்கறிவார்கள். கோயில் மணி ஒலிக்கிறது. பாடற்குழுவினர் வருகைப் பாடலைத் தொடங்குகின்றனர். குருவானவருக்கு முன்னே, பாவாடை தாவணி உடுத்தி, மல்லிகைச் சரம் சூடி, கையில் அகல்விளக்கேந்திய சிறுமியர் இரு வரிசையாய் அடியெடுத்து வைத்து ஆடியவண்ணம் பீடத்தை நோக்கிச் செல்கின்றனர். முதல்நாள் வரை வயலில் நாற்று நட்ட தாய்மாரும், செங்கற்சூளை வேலையிலிருந்து திருவிழாவுக்கென ஊர் திரும்பிய தந்தைமாரும் கூட்டத்தில் எக்கி நின்று தம் மகளின் பாதங்களையே பார்க்கின்றனர். அந்தச் சில மணித்துளிகளில் அக்குழந்தை கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லள். இறைவன் திருமுன் முதலில் சென்று நிற்கும் உரிமை பெற்றவள்.

இன்று இக்காட்சி நமக்கு இயல்பாகிவிட்டது. ஆயினும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் இதனை யாரும் எண்ணியும் பார்த்திரார். கத்தோலிக்கக் கோயிலுக்குள், அதுவும் திருப்பலி நடுவே, ஆடுவது என்பது தகாத செயலாகவே கருதப்பட்டிருக்கும். அந்தக் கதவைத் திறந்த முன்னோடிகளுள் ஒருவர் இதே தென்னார்க்காட்டு மண்ணில் பிறந்தவர். அவரே அருள்தந்தை அமலோற்பவதாஸ். அவர் பெயரை அறியாமலேயே நம் பிள்ளைகள் அவர் திறந்த வழியில் ஆடிச் செல்கின்றனர்.

நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் அன்னாரின் வாழ்வை எழுதப் புகுந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. கற்ற கல்வி ஒரு மனிதர் கையில் எத்தகைய திறவுகோல் ஆகக்கூடும் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும் என்பது முதலாவது. அவர் திறந்த கதவின் வழியே உள்ளே சென்றவை எவை, வெளியே நின்றவை எவை என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. பெரியோரைப் போற்றுவதோடு நின்றுவிடுவது எளிது. அவர்கள் முடிக்காமல் விட்ட பணியைக் கண்டறிந்து கையில் எடுப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பாகும்.

கல்லேரி தந்த மைந்தர்

அமலோற்பவதாஸ் 1932-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த கல்லேரியில் பிறந்தார். விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது அம்மாவட்டத்தின் ஊர்களே. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான். பாவமாசின்றிக் கருவான கன்னி மரியாளைக் குறிக்கும் அமலோற்பவம் என்னும் சொல்லோடு, அடியவர் என்னும் பொருள்படும் தாஸ் என்பதைச் சேர்த்து அவருக்குப் பெயரிட்டனர்.

ஒரே வீட்டில் பிறந்த இரு மைந்தர் உலகத் திருச்சபையில் பெயர் பெற்றது அவ்வூருக்கு வாய்த்த தனிச்சிறப்பாகும். அவருடைய தமையனார் லூர்துசாமி, பெங்களூரின் பேராயராக விளங்கி, பின்னர் உரோமையில் உயர்பொறுப்பு ஏற்று, 1985-இல் கர்தினாலாக உயர்த்தப்பெற்றார், 2014-இல் மறைந்தார். தமையனார் ஆட்சிப் பொறுப்பில் உயர்ந்தார். தம்பியார் சிந்தனையிலும் வழிபாட்டுச் சீர்திருத்தத்திலும் தம் வாழ்வைச் செலவிட்டார்.

புதுவை, கடலூர் உயர்மறைமாவட்டத்திற்கென 1959-இல் அமலோற்பவதாஸ் குருத்துவத் திருநிலை பெற்றார். மறைக்கல்விப் பயிற்சிக்குப் பெயர் பெற்ற திண்டிவனம் அவருடைய தொடக்ககாலப் பணிக்களமாயிற்று. சிற்றூர்களில் செபம் சொல்லிக்கொடுத்து, குருவானவர் வராத நாள்களில் மக்களை ஒன்றுகூட்டி வழிநடத்தியவர்கள் உபதேசியார்கள். அவர்களுள் பலர் நம் தெருக்களிலிருந்து சென்றவர்கள். எழுத்தறியாத மக்களிடம் மறையை எவ்வாறு கொண்டுசெல்வது என்ற கேள்வி மறைக்கல்விப் பணியின் நடுவே நிற்பது. ஏட்டைப் படிக்க இயலாதவரும் பாட்டையும் கைகளின் அசைவையும் விளக்கொளியையும் படித்துவிடுவர். இவ்வுண்மையே பின்னாளில் அவருடைய பணி முழுவதற்கும் அடித்தளமாய் அமைந்தது எனலாம்.

அந்நாளையக் கோயில்

அவர் செய்த மாற்றத்தின் அளவை உணர வேண்டுமாயின் அன்று கோயில்கள் இருந்த நிலையை அறிதல் வேண்டும். திருப்பலி இலத்தீன் மொழியில் நடைபெற்றது. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கி நின்று மந்திரங்களை ஓதினார். மக்கள் செபமாலையை உருட்டியவாறு வாளா இருந்தனர். மணி அடித்தால் மண்டியிட்டனர். மீண்டும் அடித்தால் எழுந்தனர். பாட்டும் மேளமும் தேரும் கும்மியும் இருந்தன என்றாலும், அவை கோயிலுக்கு வெளியே, தெருவிலும் திடலிலுமே இருந்தன. உள்ளே நடந்தது ஐரோப்பிய வழிபாடு. வெளியே நடந்தது நம் மண்ணின் விழா. இரண்டுக்கும் நடுவே கோயிற்சுவர் நின்றது.

நம் மக்களுக்கோ அந்தச் சுவருக்கு உள்ளேயும் வேறொரு சுவர் இருந்தது. புதுச்சேரியிலிருந்த சம்பாக் கோயிலில் நம்மவரைப் பிரித்து வைக்கக் கட்டப்பட்டிருந்த சுவரை எதிர்த்து 1745-இல் நம் முன்னோர் ஒன்றுதிரண்டு குருமாரிடம் முறையிட்டதும், அச்சுவர் இடிக்கப்பட்டதும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பதிவாகியுள்ளன. கல்லால் ஆன சுவர் இடிந்தது. ஆயின் தனி இடம், தனிக் கல்லறை, நம் தெருவுக்குள் நுழையாத தேர் என்று கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பல சுவர்கள் பலவிடங்களில் நீடித்தன. கிறிஸ்தவம் தழுவிய நம் உடன்பிறப்புகள், 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதியினருக்குரிய சலுகைகளையும் இழந்து நிற்கின்றனர். ஆகவே வழிபாட்டில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் பீடத்தை அணுகுகிறார்கள் என்பது நமக்கு அழகுணர்ச்சி பற்றிய கேள்வி மட்டும் அன்று. மானம் பற்றிய கேள்வியுமாகும்.

உலகச் சங்கமும் புதிய காற்றும்

அமலோற்பவதாஸ் குருவான சில ஆண்டுகளில் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற அச்சங்கம், 1963 திசம்பர் 4-ஆம் நாள் வழிபாடு பற்றிய தன் ஏட்டை வெளியிட்டது. மக்கள் தம் தாய்மொழியில் வழிபடலாம், வழிபாட்டில் முழுமையாகவும் உணர்வோடும் பங்கெடுக்க வேண்டும், அந்தந்த மக்களின் பண்பாட்டுச் செல்வங்களுக்கு வழிபாட்டில் இடமளிக்கலாம் என்று அவ்வேடு நெறி வகுத்தது. இலத்தீன் மறைந்து தமிழ் பீடமேறிய வரலாறு அதிலிருந்து தொடங்குகிறது.

இக்காலத்தில் நம் அடிகளார் பாரிசு நகரின் கத்தோலிக்க நிறுவனத்தில் உயர்கல்வி பயின்றார். இன்றைய இந்தியாவில் திருச்சபையின் எதிர்காலம் யாது என்பதே அவர் ஆய்வின் பொருள். பிரெஞ்சு மொழியில் அமைந்த அந்நூல் 1967-இல் வெளிவந்தது. தென்னார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்த பிள்ளை, ஐரோப்பியரின் நகரில், ஐரோப்பியரின் மொழியில், இந்தியத் திருச்சபை ஐரோப்பாவின் நிழலாக இருத்தல் கூடாது என்று சான்றுகளோடு நிறுவினார். இளைஞர்களே, இதனைக் கருத்திற் கொள்ளுங்கள்! பிறர் மொழியைக் கற்பது அவருக்கு அடிபணிவதற்காக அன்று. அவர் மொழியிலேயே நம் வழக்கை எடுத்துரைப்பதற்கும் அக்கல்வி பயன்படும்.

பெங்களூரில் ஒரு நடுவம்

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1966-இல் மறைக்கல்வி, வழிபாடு ஆகியவற்றுக்கான பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. மறு ஆண்டில் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவம் அவர் தலைமையில் உருவாயிற்று. 1982 வரை அதன் இயக்குநராக இருந்து அவர் ஆற்றிய பணி அளப்பரியது. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் குருக்கள், துறவியர், பொதுநிலையினர் அங்கு வந்து பயிற்சி பெற்றனர். இந்தியத் திருச்சபையின் நிலையை ஆராய 1969 மே மாதத்தில் பெங்களூரில் நடந்த அனைத்திந்தியக் கருத்தரங்கிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அதே 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் உரோமை இந்தியாவுக்கென ஒப்புதல் வழங்கிய பன்னிரண்டு தழுவல்கள், அவர் பெயரோடு என்றும் பிணைந்தவை. அவற்றுள் சிலவற்றை இங்குக் குறிப்போம். காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து வழிபடலாம். முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தலைதாழ்த்தி வணங்கலாம். புனிதப் பொருள்களை முத்தமிடுவதற்குப் பதிலாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மெழுகுதிரிகளுக்குப் பதிலாக எண்ணெய் விளக்குகளை ஏற்றலாம். காணிக்கைகளைத் தாம்பாளத்தில் வைக்கலாம். குருவானவரின் ஆடையை எளிமையாக்கலாம். நற்கருணை மன்றாட்டின் நிறைவில் மலர், தூபம், தீபம் கொண்டு ஆரத்தி எடுக்கலாம்.

இவற்றைப் படிக்கையில் இதில் என்ன புதுமை என்று இன்றைய இளைஞர் கேட்கக்கூடும். நம் வீடுகளில் அன்றாடம் செய்பவைதாமே இவை! அங்கேதான் அதன் புதுமை இருந்தது. வீட்டில் நம் தாய் செய்த வணக்கம் கோயிலில் செல்லாததாக இருந்த காலம் அது. தரையில் அமர்ந்து பழகிய மக்களுக்குத் தரையே வழிபாட்டு இருக்கை என்று ஏற்கப்பெற்றபோது, அவர்களுடைய உடலும் அதன் பழக்கங்களும் மதிப்புப் பெற்றன.

ஆடல் நுழைந்த விதம்

மேற்சொன்ன பன்னிரண்டில் நடனம் என்னும் சொல் இல்லை என்பதை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். ஆயினும் ஆரத்திக்கு இடம் கிடைத்தபின் ஆடலை வெளியே நிறுத்துவது எங்ஙனம்? பெண்கள் அறுவர் தீபத்தட்டு ஏந்தி, பாட்டின் தாளத்திற்கு ஒருங்கே அடிவைத்து, வலமாகத் தட்டைச் சுற்றினால் அது ஆரத்தியா, ஆடலா? இரண்டுக்கும் இடையே கோடு கிழிக்க யாராலும் இயலாது. பவனியும் மலரும் விளக்கும் வந்தன. அவற்றின் கைபிடித்து ஆடலும் வந்தது.

பெங்களூர் நடுவம் இதனை வளர்த்த இடங்களுள் ஒன்று. அதற்கு முன்னரே பம்பாயில் இறைவார்த்தைச் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் புரோக்ஷ் என்னும் துறவி, ஞான ஆசிரமத்தை நிறுவி விவிலியச் செய்திகளை இந்திய இசையிலும் நடனத்திலும் அமைத்துக்காட்டி வந்தார். தமிழகத்தில் 1977-இல் திருச்சியில் தோன்றிய கலைக்காவிரி, பின்னர் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்து பரதமும் இசையும் கற்பித்து வருகிறது. இவர்கள் கலையை வளர்த்தனர். அக்கலை திருப்பலியின் உறுப்பாக நிற்பதற்குரிய இறையியல் அடிப்படையை வகுத்தவர்களுள் அமலோற்பவதாஸ் முதன்மையானவர்.

அவ்வடிப்படை யாது? வழிபாட்டில் நடனம் வேடிக்கைப் பொருள் ஆகாது. கைதட்டலுக்காக ஆடுவது மேடைக்குரியது. பீடத்தின் முன் ஆடுவது மன்றாட்டு. ஆகவே அதற்கென உரிய இடங்கள் உண்டு. குருவானவரை அழைத்துவரும் வருகைப் பவனி ஒன்று. நற்செய்தி நூலை ஏந்திவரும் பவனி மற்றொன்று. அப்பமும் இரசமும் நிலத்தின் விளைச்சலும் கொண்டுவரும் காணிக்கைப் பவனி இன்னொன்று. ஆரத்தியும் நன்றிப் பாடலும் பிற. இவ்விடங்களில் ஆடுவோர் தாம் மட்டும் ஆடுவதில்லை. அமர்ந்திருக்கும் மக்கள் அனைவரின் சார்பிலும் ஆடுகின்றனர். வழிபாட்டில் மக்கள் பார்வையாளராக இருத்தல் கூடாது என்பதே அடிகளாரின் வாழ்நாள் முயற்சி. ஆடுகிற சிறுமிக்கு விவிலியப் பகுதி தெரிந்திருக்க வேண்டும்; தான் ஏன் ஆடுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்வியின்றி இது கைகூடாது.

உலகத் திருச்சபையும் இக்கேள்வியை எதிர்கொண்டது. உரோமையின் வழிபாட்டுத் துறை ஏடு 1975-இல் வெளியிட்ட குறிப்பொன்று, மேலைநாடுகளில் நடனம் கேளிக்கையோடு இணைந்துவிட்டதால் அங்கே அதனை வழிபாட்டில் புகுத்துதல் ஆகாது என்றும், நடனம் சமய உணர்வின் வெளிப்பாடாக இன்றும் வாழும் பண்பாடுகளில் அதற்கு இடமுண்டு என்றும் பிரித்துக் கூறியது. 1988-இல் ஆப்பிரிக்காவின் சயீர் நாட்டு மக்கள் தம் தாள அசைவுகளோடு திருப்பலி நிறைவேற்றும் முறை ஒப்புதல் பெற்றது. 1994-இல் வெளியான உரோமை அறிவுரை ஏடும் சில மக்களிடையே பாட்டோடு கைதட்டலும் ஆடலும் இயல்பாக இணைந்திருப்பதை ஏற்றுக்கொண்டது.

எதிர்ப்பும் உறுதியும்

நல்முயற்சி எதுவும் எதிர்ப்பின்றி நிறைவேறியதில்லை. விளக்கேற்றுவதும் ஆரத்தி எடுப்பதும் கத்தோலிக்க மறையை இந்து சமயமாக மாற்றும் செயல் என்று கத்தோலிக்கருள்ளேயே ஒரு சாரார் வெகுண்டனர். ஏடுகளிலும் கூட்டங்களிலும் அவரைக் கடுமையாகச் சாடினர். இந்திய முறையில் அமைத்த நற்கருணை மன்றாட்டையும், விவிலியம் அல்லாத பிற சமய நூல்களை வழிபாட்டில் வாசிப்பதையும் நிறுத்துமாறு 1975-இல் உரோமையிலிருந்து ஆணை வந்தது. அடிகளார் திருச்சபையை விட்டு விலகவும் இல்லை. தம் பணியைக் கைவிடவும் இல்லை.

அவர் கருத்துக்கு உலக அளவில் மதிப்பு இருந்தது என்பதற்கு 1974-ஆம் ஆண்டு சான்று. நற்செய்தி அறிவிப்புப் பற்றி உரோமையில் நடைபெற்ற ஆயர் மாமன்றத்தில் சிறப்புச் செயலர் இருவருள் ஒருவராக அவர் பணியாற்றினார். தென்னார்க்காட்டுக் கல்லேரியின் மைந்தர் உலக ஆயர்களின் அவையில் அமர்ந்து கருத்துகளைத் தொகுத்தார் என்பது நம் வட்டாரத்திற்கே பெருமை தருவதாகும்.

நாம் எழுப்பும் கேள்வி

இத்துணையும் போற்றியபின், நம் நெஞ்சில் உள்ளதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியப் பண்பாடு என்று திருச்சபை கதவைத் திறந்தபோது முதலில் உள்ளே வந்தவை எவை? வடமொழி மந்திரங்களின் சாயல், ஆசிரம முறை, கோயிற்கலை, பரதம். வெளியே நின்றவை எவை? பறை, ஒயில், கும்மி, தெருக்கூத்தின் அடவுகள். முன்னவை கற்றோர் அவையின் கலைகள். பின்னவை உழைக்கும் மக்களின் கலைகள். இந்தியப் பண்பாடு என்பது ஒன்றே எனக் கொண்டமையால், அதன் மேல்தட்டே முழுமை என்று தோன்றிவிட்டது. அடிகளார் வறியோர் விடுதலையை மறந்தவர் அல்லர். நீதியும் நற்செய்தியும் பிரிக்க இயலாதவை என்னும் சிந்தனை மரபில் நின்றவர். ஆயினும் அவருடைய வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் சேரியின் ஓசை போதிய அளவு ஒலிக்கவில்லை என்பதை நாம் மறைத்தற்கில்லை.

இக்குறையைப் பலர் உணர்ந்தனர். அவர் பெங்களூர் நடுவத்தின் இயக்குநராக இருந்த 1981-இல், அதே நகரின் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, ஒடுக்கப்பட்டோர் நோக்கில் இறையியலைப் புதிதாக அமைக்க அறைகூவல் விடுத்தது. தலித் இறையியல் என இன்று வழங்கும் சிந்தனைக்கு அது தொடக்கமாயிற்று. 1980-களின் பிற்பகுதியில் தமிழகத்துத் தலித் கிறிஸ்தவர்கள் இயக்கமாகத் திரண்டனர். மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 2005-இல் மறையும் வரை, நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டுப் பாடல்களை ஆக்கித் தந்தார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடினர். கோயில்கள் சிலவற்றில் திருப்பலிப் பவனியிலும் பறை ஒலிக்கத் தொடங்கியது.

பறை சாவுக்கு அடிப்பது, மாட்டுத்தோலால் ஆனது, ஆகவே கோயிலுக்கு ஆகாது என்பார் இன்றும் உளர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகிறது. மிருதங்கமும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் போர்த்தியதே. தஞ்சையில் அத்தோலைப் பதமாக்கி, பெரும் வித்துவான்களின் மிருதங்கங்களுக்கு நாதம் ஏற்றிக் கொடுத்தோர் தலைமுறை தலைமுறையாகத் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினரே. மிருதங்கம் பீடத்தருகே அமரலாம். பறை வாயிலில் நிற்க வேண்டும் என்றால், விலக்கப்படுவது தோல் அன்று, அதனைத் தொடும் கை என்பது விளங்குகிறதல்லவா?

நம்முள் மூத்தோர் சிலர் கண்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஊரைச் சொல்லுதல் வேண்டா. பெருவிழாத் திருப்பலியில் ஆடுவதற்கு நம் தெருச் சிறுமியர் பல மாலைகள் பயிற்சி செய்திருந்தனர். விழாவுக்கு முந்திய நாள், பெருவிழாவன்று வேறு தெருப் பிள்ளைகள் ஆடட்டும், உங்கள் பிள்ளைகள் நவநாள்களுள் ஒன்றில் ஆடட்டும் என்று முடிவாயிற்று. யாரும் உரத்துப் பேசவில்லை. சலங்கைகளை மீண்டும் துணிப்பையில் கட்டி வைத்த அந்தச் சிறுமியருள் சிலர் இன்று தாய்மார்கள். அவர்கள் தம் பெண்களுக்குச் சலங்கை கட்டும்போது அந்த மாலையை நினையாமல் இருப்பரோ? இத்தகைய வேற்றுமை குறித்த பூசல் முற்றி, 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததையும் நாம் துயரத்தோடு நினைவுகூர்கிறோம். மாண்டவர் எத்தெருவினர் ஆயினும் உயிர் உயிரே.

அரசன் ஆடிய ஆட்டம்

விவிலியத்திலேயே இக்கேள்விக்கு விடை உண்டு. செங்கடலைக் கடந்த அடிமை மக்களின் முன்னே மிரியாம் தோற்கருவியைக் கையிலெடுத்து ஆடினாள்; பெண்கள் அனைவரும் அவளைப் பின்தொடர்ந்து ஆடினர். விடுதலை பெற்ற மக்களின் முதல் வழிபாடு தோற்கருவியும் ஆடலுமாகவே இருந்தது.

பின்னொரு நாள் உடன்படிக்கைப் பேழை எருசலேமுக்குக் கொண்டுவரப்பட்டபோது தாவீது அரசர் அரச உடையைக் களைந்து, மெல்லிய மேலாடையோடு தம் முழு வலிமையாலும் ஆடினார். சவுலின் மகளாகிய அரசி மீக்கால் சாளரத்தின் வழியே பார்த்து மனத்துள் அவரை இகழ்ந்தாள். ஆடியது மட்டும் அவளுக்குக் குற்றமாகப்படவில்லை. பணிப்பெண்களின் கண்முன்னே ஆடியதே அவளைச் சினமூட்டியது. அப்பணிப்பெண்களாலேயே தாம் பெருமை பெறுவார் என்று தாவீது மறுமொழி கூறினார். ஆடலை இகழ்வோர் மாடத்துச் சாளரத்தில் நிற்பவர். அதனை மதிப்போர் தெருவில் நிற்கும் பணிப்பெண்கள். நாம் எவ்விடத்தில் நிற்பவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இறுதி ஆண்டுகள்

பெங்களூர்ப் பணியை நிறைவுசெய்த அடிகளார் மைசூரைத் தம் உறைவிடமாகக் கொண்டார். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் துறை உருவாக உழைத்தார். அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அத்தகைய துறை அமைந்தது அரிய செயலாகும். சாமுண்டி மலையடிவாரத்தில் அஞ்சலி ஆசிரமத்தை நிறுவி, சுவாமி அமலோரானந்தர் என்னும் பெயரோடு எளிய துறவு வாழ்வு வாழ்ந்தார். எல்லாச் சமயத்தாரும் அங்கு வந்து அமைதி தேடினர்.

1990 மே 25-ஆம் நாள் சாலை விபத்தொன்றில் அவர் உயிர் துறந்தார். ஐம்பத்தெட்டு வயது நிறையவில்லை. இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருப்பின், தலித் மக்களின் எழுச்சியையும் பறையின் முழக்கத்தையும் அவர் எவ்வாறு எதிர்கொண்டிருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. திருச்சபை மண்ணில் வேர்விட வேண்டும் என்று முழங்கியவர், அம்மண்ணை உழுதவரின் பாட்டுக்குச் செவிசாய்த்திருப்பார் என்றே நாம் நம்புகிறோம். அவர் விட்டுச்சென்ற விதைகளுள் சில திண்டிவனத்திலும் முளைத்தன. தமிழக விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவம் அவ்வூரில் இருந்தே கத்தோலிக்கரும் பிற சபையாரும் ஒன்றிணைந்து ஆக்கிய பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தை 1995-இல் வெளிக்கொணர்ந்தது.

இளைஞர்களுக்கு

பரதத்தின் வரலாறு நமக்கோர் எச்சரிக்கை. சதிர் என்று வழங்கிய காலத்தில் அதனை ஆடியோர் தேவதாசியர். இழிந்தது என ஒதுக்கப்பட்ட அக்கலை 1930-களில் புதுப்பெயரும் புதுமதிப்பும் பெற்று மேடையேறியது. கலை உயர்ந்தது, அதனைக் காத்து வந்த பெண்களோ பின்தள்ளப்பட்டனர். நாளை பறைக்கும் அந்நிலை நேரலாம். பறை கோயிலுக்குள் செல்ல, பறையைக் காத்தவர் வாயிலிலேயே நிற்பாராயின், அது நமக்கு வெற்றி ஆகாது. கருவி நுழைந்தால் போதாது. கையும் நுழைய வேண்டும். ஆடல் நுழைந்தால் போதாது. ஆடுகிறவளும் பெருவிழா நாளிலேயே நுழைய வேண்டும்.

ஆதலின் நம் பிள்ளைகள் பரதமும் கற்கட்டும். அது எவருக்கும் தனியுரிமை அன்று. பறையும் ஒயிலும் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டுக் கற்கட்டும். அடவுகளின் பெயர்களையும் தாளங்களையும் எழுதி வைக்கட்டும். வழிபாட்டுச் சட்டங்களைப் படிக்கட்டும். எங்கே ஆடலாம், எவ்வாறு ஆடலாம் என்பதை அறிந்து, பங்குப் பேரவையில் அமர்ந்து தெளிவாகப் பேசட்டும். அறியாதவரின் கோரிக்கையை மறுப்பது எளிது. அறிந்தவர் ஏட்டைத் திறந்து காட்டிக் கேட்கும் உரிமையை மறுப்பது அத்துணை எளிதன்று. அமலோற்பவதாஸ் அடிகளாரின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. அவர் கூச்சலிட்டுக் கதவைத் திறந்தவர் அல்லர். கற்று, ஆய்ந்து, எழுதி, பயிற்றுவித்து, இகழ்ச்சியைப் பொறுத்துத் திறந்தவர்.

வரும் திருவிழாவில் விளக்கேந்திய நம் சிறுமியர் மீண்டும் வாயிலில் வந்து நிற்பர். மணி ஒலிக்கும். அவர்களுக்கு முன்னே பறையும் முழங்கட்டும். அதனை அடிக்கும் கைகள் பீடம் வரை செல்லட்டும். அன்று கல்லேரியின் மைந்தர் தொடங்கிய பணி நிறைவை நோக்கி ஓரடி எடுத்து வைத்ததாக நாம் மகிழலாம்.

அன்னாரின் நினைவு வாழ்க! கல்வியால் தலைநிமிரும் நம் சமுதாயம் ஓங்குக!